மண்ணின் மக்களோடு: ஊர் நல்லிணக்கக் குழுவில் சேர்வதும் நிலைப்பதும்

சிட்னியில் துங்காபி, வென்ட்வர்த்வில், பெண்டில் ஹில் பக்கம் குடியிருக்கும் தமிழருக்கு வேண்டியதெல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. முருங்கைக்காய் விற்கும் கடை, வார இறுதித் தமிழ்ப் பள்ளி, மேஸ் ஹில் முருகன் கோயில். இதே துங்காபியில் 1797 மார்ச் மாதம் பெமுல்வுய் என்ற அபொரிஜினல் வீரர் தம் ஆட்களைத் திரட்டி அரசாங்கப் பண்ணையைத் தாக்கினார். துரத்தி வந்த படையோடு பரமாட்டாவில் மோதி, உடலெங்கும் குண்டு பாய்ந்து விழுந்தார். மருத்துவமனையில் கிடத்தினார்கள், காலில் விலங்கோடு தப்பிப் போனார். 1802இல் அவரைச் சுட்டுக் கொன்று, தலையைச் சாராயத்தில் ஊறப்போட்டு இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். இன்று கிர்ராவீனுக்குப் பக்கத்தில் ஒரு புறநகருக்கு அவர் பெயர். நம்மவர்களில் பலர் அந்தப் பெயரை வீட்டு விற்பனை விளம்பரத்தில்தான் முதலில் பார்க்கிறார்கள்.

கொஞ்சம் மேற்கே போனால் பிளாக்டவுன். ஆளுநர் மக்குவாரி, அபொரிஜினல் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைத்து வளர்க்கப் பரமாட்டாவில் தொடங்கிய பள்ளி 1823இல் அங்கே மாற்றப்பட்டது. ஊரின் பெயரே அதிலிருந்து வந்ததுதான். அந்தப் பள்ளி இருந்த நிலம் 2018இல் அந்த வட்டாரத்தின் பூர்வகுடிகளான டாருக் மக்களிடம் திரும்பக் கொடுக்கப்பட்டது.

2021 கணக்கெடுப்பின்படி ஆஸ்திரேலியாவில் அபொரிஜினல் மக்களும் டோரஸ் நீரிணைத் தீவு மக்களும் சேர்ந்து 8,12,728 பேர். மொத்த மக்களில் 3.2 சதவீதம். வீட்டில் தமிழ் பேசுபவர்கள் சுமார் 95 ஆயிரம் பேர். இருபது வருடம் இங்கே வாழ்ந்து, குடியுரிமை பெற்று, வீடு கட்டி, பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிய பிறகும் ஒரு அபொரிஜினல் குடும்பத்தோடு ஒரு வேளைகூட உட்கார்ந்து சாப்பிட்டிராத தமிழர்களே அதிகம். வேண்டுமென்று ஒதுங்கியவர்கள் சிலர் இருக்கலாம். பெரும்பாலோருக்கு எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியவில்லை. அப்படியான ஒரு கதவுதான் உள்ளூர் நல்லிணக்கக் குழு.

இந்தக் குழுக்கள் எப்படி வந்தன

காவலிலும் சிறையிலும் இறந்த 99 அபொரிஜினல் மக்களின் சாவுகளை ஒரு அரச ஆணையம் 1987 முதல் 1991 வரை விசாரித்தது. அது கொடுத்த பரிந்துரைகள் 339. கடைசிப் பரிந்துரை, அபொரிஜினல் மக்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையே நல்லிணக்கம் உண்டானால்தான் பிளவையும் அநீதியையும் தவிர்க்க முடியும் என்ற பொருளில் இருந்தது. அதே 1991இல் நாடாளுமன்றம் ஒருமனதாக அபொரிஜினல் நல்லிணக்க மன்றத்தை அமைத்தது. ஆயுள் பத்து வருடம். முதல் தலைவர் பாட்ரிக் டொட்சன்.

மன்றம் செய்ததில் எனக்குப் பெரிதாகப் படுவது படிப்பு வட்டங்கள். பத்துப் பன்னிரண்டு பேர் ஒருவர் வீட்டிலோ நூலகத்திலோ வாரம் ஒருமுறை கூடி, கொடுக்கப்பட்ட பாடத்தைப் படித்து, தாங்கள் பள்ளியில் படிக்காத வரலாற்றைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள். மேடையும் கிடையாது, பேராசிரியரும் கிடையாது. பாடம் முடிந்த பிறகும் கலைய மனமில்லாத வட்டங்கள் பல ஊர்க் குழுக்களாகின. 1997இல் ‘ஆன்டார்’ என்ற அமைப்பு, ஆளுக்கொரு கையாக மக்கள் கையெழுத்திட்ட பிளாஸ்டிக் கைகளைக் கான்பரா நாடாளுமன்றத்தின் முன்புல்வெளியில் நட்டு நிறுத்தியதே, அந்தக் ‘கைகளின் கடல்’ ஊர் ஊராகப் போனது இந்தக் குழுக்களின் உழைப்பால்தான். 2000 மே 28 அன்று சிட்னித் துறைமுகப் பாலத்தில் நல்லிணக்கத்துக்காகச் சுமார் இரண்டரை லட்சம் பேர் நடந்தார்கள். பெற்றோரிடமிருந்து பறிக்கப்பட்ட அபொரிஜினல் பிள்ளைகளிடம் பிரதமர் மன்னிப்புக் கேட்க மறுத்துக்கொண்டிருந்த காலம் அது. மன்னிப்பு 2008 பிப்ரவரி 13 அன்றுதான் வந்தது.

மன்றத்தின் பத்து வருடம் முடிந்ததும் 2001இல் ‘ரெக்கன்சிலியேஷன் ஆஸ்திரேலியா’ என்ற தனி அமைப்பு அந்த வேலையை எடுத்துக்கொண்டது. மாநிலங்களுக்கும் தனித்தனி அமைப்புகள் இருக்கின்றன. அவற்றுக்குக் கீழே, பல நேரம் அவற்றோடு எந்தச் சட்டத் தொடர்பும் இல்லாமல், ஊர்க் குழுக்கள் இயங்குகின்றன.

ஒரு குழு என்ன செய்ய முடியும்: மயால் க்ரீக்

நியூ சவுத் வேல்ஸின் வடக்கே பிங்காரா என்ற சிற்றூருக்கு அருகில் மயால் க்ரீக் இருக்கிறது. 1838 ஜூன் 10 அன்று அங்கிருந்த மாட்டுப் பண்ணையில் அடைக்கலமாகத் தங்கியிருந்த விர்ராயராய் மக்களில் குறைந்தது 28 பேரைக் குதிரையில் வந்த ஆட்கள் கயிற்றில் பிணைத்துக் கூட்டிப் போய் வாளால் வெட்டிக் கொன்றார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். திடகாத்திரமான ஆண்கள் வேறொரு பண்ணைக்கு மரப்பட்டை உரிக்கப் போயிருந்தார்கள். இரண்டு முறை வழக்கு நடந்து, அந்த ஆண்டு டிசம்பரில் ஏழு பேர் தூக்கிலிடப்பட்டார்கள். அபொரிஜினல் மக்களைக் கொன்ற வெள்ளையர்கள் தண்டிக்கப்படுவது அன்று மிக அரிது. தலைமை தாங்கி வந்த பண்ணையார் மகன் பிடிபடவே இல்லை.

அதன்பின் நூற்றைம்பது வருடத்துக்கு மேல் அந்த இடத்தில் ஒரு கல்கூட இல்லை. 1965இல் லென் பெய்ன் என்ற பிங்காராக்காரர் நினைவுச்சின்னம் வேண்டும் என்று கேட்டபோது ஊர் எதிர்த்தது. 1998இல்தான் காரியம் அசைந்தது. உயிர் பிழைத்தவர்களின் வழிவந்த ஒரு அபொரிஜினல் பெண்மணி யூனைட்டிங் தேவாலயத்தாரிடம் தம் விருப்பத்தைச் சொல்ல, இரு தரப்பாரும் சேர்ந்த ஒரு குழு உருவானது. பின்னர் கொன்றவர்களின் வழிவந்தவர்களில் சிலரும் தாங்களாகவே தேடி வந்து அந்த முயற்சியில் சேர்ந்தார்கள்.

2000 ஜூன் 10 அன்று நினைவிடம் திறக்கப்பட்டது. இப்போது போனால், புதர்க்காட்டுக்குள் வளைந்து வளைந்து போகும் செம்மண் நிறப் பாதை இருக்கிறது. வழியில் ஏழு இடங்களில் கல். ஒவ்வொன்றிலும் கதையின் ஒரு பகுதி, அந்த மக்களின் கமிலராய் மொழியிலும் ஆங்கிலத்திலும். நின்று படித்து நடந்தால், கொலை நடந்த சரிவைப் பார்த்தபடி இருக்கும் பெரிய கருங்கல் பாறையில் போய் முடியும். 2005இல் யாரோ அந்தக் கற்களில் ‘கொலை’, ‘பெண்கள்’, ‘குழந்தைகள்’ என்ற சொற்களைக் கொத்தி அழிக்கப் பார்த்தார்கள். குழு சரிசெய்தது. ஒவ்வொரு ஜூன் நீண்ட வார இறுதியிலும் அங்கே நினைவுகூட்டம் நடக்கிறது. யார் வேண்டுமானாலும் போகலாம். தமிழ்ச் சங்கங்களாக ஆண்டுதோறும் பேருந்து பிடித்துச் சுற்றுலா போகிறோமே, ஒரு வருடம் அந்தப் பேருந்து அங்கே போகட்டும்.

இந்த உதாரணத்தை நீட்டிச் சொல்லக் காரணம் உண்டு. உண்மையை மூடி வைத்துவிட்டு நல்லிணக்கம் பேசினால் அது எங்கே போய் முடியும் என்பதை ஈழத்தமிழருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. மயால் க்ரீக் குழு முதலில் உண்மையைக் கல்லில் எழுதியது. கைகுலுக்கியது அதற்குப் பிறகு. நீங்கள் சேரப்போகும் குழு அதே வரிசையில் வேலை செய்கிறதா என்று பாருங்கள்.

குழுவைத் தேடுவது

முதலில் உங்கள் வீடு யாருடைய நிலத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். பரமாட்டா சுற்றுவட்டாரம் டாருக் மக்களின் நிலம். ஹெலன்ஸ்பர்க் வெங்கடேஸ்வரர் கோயில் தாராவல் மக்களின் நிலத்தில் இருக்கிறது. மெல்பேர்ன் கேரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயில் இருப்பது பூனுரோங் மக்களின் நிலத்தில். உங்கள் கவுன்சிலின் இணையத்தளத்திலேயே இது இருக்கும். சில இடங்களில் எல்லைபற்றி இரண்டு மக்களுக்கிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதில் தீர்ப்புச் சொல்லும் வேலை நமக்கு வேண்டாம்.

அடுத்து கவுன்சிலுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. பல கவுன்சில்களில் அபொரிஜினல் சமூகத் தொடர்பு அலுவலர் ஒருவர் இருப்பார். ஊரில் நல்லிணக்கக் குழு உண்டா, எப்போது கூடுகிறது, புதியவர்கள் வரலாமா என்று கேளுங்கள். அவர் கைவிரித்தால் மாநில அமைப்பைக் கேளுங்கள். நியூ சவுத் வேல்ஸில் 1983ஆம் ஆண்டு நில உரிமைச் சட்டத்தின் கீழ் உள்ளூர் அபொரிஜினல் நில மன்றங்கள் இருக்கின்றன. மேற்குச் சிட்னிக்கு உரியது டீரப்பின் நில மன்றம். இவை அபொரிஜினல் மக்களே தேர்ந்தெடுத்து நடத்தும் மன்றங்கள், நிலமும் சொத்தும் கையாள்பவை. நல்லிணக்கக் குழு வேறு, இது வேறு. இந்த வேறுபாடு தெரியாமல் நில மன்றத்துக்குப் போன் போட்டு ‘எங்கள் விழாவுக்கு ஆடல் குழு அனுப்ப முடியுமா’ என்று கேட்பவர்கள் நம்மிடையே உண்டு.

வங்கியிலோ மருத்துவமனையிலோ கணினித் துறையிலோ வேலை பார்ப்பவர்களுக்கு இன்னொரு வழி பக்கத்திலேயே இருக்கலாம். 2006 முதல் நிறுவனங்கள் ‘ராப்’ எனப்படும் நல்லிணக்கச் செயல்திட்டம் எழுதி வருகின்றன. நான்கு படிகள் கொண்டது. தொடக்க நிலை ‘ரிஃப்ளெக்ட்’, உச்ச நிலை ‘எலிவேட்’. உங்கள் அலுவலகத்தில் அது இருந்தால், அதன் பணிக்குழுவில் ஆள் தேவைப்படும். கேட்டுச் சேருங்கள். ஆனால் இருபது குடும்பம் கொண்ட ஒரு தமிழ்ச் சங்கம் தனக்கும் ஒரு ராப் வேண்டும் என்று தாள் எழுதிக்கொண்டிருப்பது வீண்வேலை. அந்த நேரத்துக்கு ஊர்க் குழுவின் கூட்டத்தில் நாற்காலி போடலாம்.

புதிதாக ஒரு குழுவைத் தொடங்குவது பற்றி: ஊரில் ஏற்கெனவே ஒன்று இருந்தால் தொடங்காதீர்கள். இல்லையென்றாலும், உள்ளூர் அபொரிஜினல் மக்கள் இருவராவது ‘வேண்டும்’ என்று சொல்லும்வரை தொடங்காதீர்கள்.

முதல் வருடம்

கூட்டம் பெரும்பாலும் மாதம் ஒருமுறை, மாலையில், நூலகத்திலோ தேவாலயக் கூடத்திலோ நடக்கும். பல குழுக்களில் தலைவர்கள் இருவர். ஒருவர் அபொரிஜினல், ஒருவர் அல்லாதவர். நல்லிணக்க வாரத்துக்கு என்ன செய்வது, பள்ளியில் யார் பேசுவது, கவுன்சிலுக்கு என்ன கடிதம் எழுதுவது, காசு எவ்வளவு இருக்கிறது என்று பேச்சு போகும். முதல் ஆறு மாதம் கேட்டுக்கொண்டிருங்கள். தேநீர்க் கோப்பை கழுவுங்கள். பதாகை தூக்குங்கள். கணக்குத் தெரிந்தவரானால் பொருளாளர் பதவி உங்களைத் தேடி வரும். அது எந்தக் குழுவிலும் யாரும் விரும்பி எடுக்காத வேலை, நம்மில் கணக்காளர்களுக்குப் பஞ்சமில்லை.

யாரேனும் இறந்துவிட்டால் கூட்டம் தள்ளிப்போகும், சில வேளை வாரக்கணக்கில். செத்தவீடு முடியும்வரை நாம் மற்றக் காரியங்களை ஒத்திவைப்பது போலத்தான். எப்போது என்று நச்சரிக்க வேண்டாம். இறந்தவரின் பெயரையோ படத்தையோ வெளியிடுமுன் குடும்பத்தாரிடம் கேட்க வேண்டும். பெரியவர்களை ‘ஆன்ட்டி’, ‘அங்கிள்’ என்று அழைப்பதைக் கேட்பீர்கள். நாம் பார்த்தவர்களையெல்லாம் அப்படி அழைத்துப் பழகியவர்கள். அங்கே அது சமூகம் தன் மூத்தோருக்குத் தரும் மரியாதை. முதல்முறை பேசும்போது எப்படி அழைக்கட்டும் என்று கேட்டுவிடுங்கள்.

இனி, நம்மவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்.

நிறம் முதலாவது. ‘பார்த்தால் வெள்ளைக்காரர் மாதிரி இருக்கிறீர்களே, எத்தனை சதவீதம்?’ இந்தக் கேள்வியை ஒருபோதும் கேட்காதீர்கள். நிறத்தை வைத்து ஆளை எடைபோடும் பழக்கம் ஊரிலிருந்தே நம்மோடு வந்திருக்கிறது. இங்கே அதற்கு வேறொரு கொடிய வரலாறு உண்டு. அரசாங்கம் பிள்ளைகளைத் தாய்மாரிடமிருந்து பறித்தபோது, வெளிர் நிறப் பிள்ளைகளைத்தான் முதலில் குறிவைத்தது. வெள்ளையராக வளர்த்துவிடலாம் என்ற கணக்கு. அதிகாரிகள் பாதி, கால், அரைக்கால் என்று பின்னம் போட்டுப் பதிவேட்டில் எழுதினார்கள். கெம்ப்சிக்கு அருகே 1924 முதல் 1970 வரை இயங்கிய கின்செலா சிறுவர் இல்லத்தில் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக்கூட அழைக்கவில்லை. எண் சொல்லி அழைத்தார்கள். அங்கே வளர்ந்து உயிரோடிருப்பவர்கள் தங்களுக்கென ஓர் அமைப்பு நடத்துகிறார்கள். அவர்களின் கண்காட்சிப் பேருந்து ஊர் ஊராக வருகிறது. உங்கள் பக்கம் வந்தால் பதின்ம வயதுப் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். அதில் ஏறி இறங்கியவர் யாரும் பிறகு சதவீதம் கேட்கமாட்டார்.

இரண்டாவது, குமரிக்கண்டம். ‘நீங்களும் நாங்களும் ஒரே இனம்தான், பூமராங்கும் எங்கள் வளரியும் ஒன்றுதான், உங்கள் மொழியில் தமிழ்ச் சொல் இருக்கிறது’ என்று தொடங்கிவிடும் ஆர்வலர்களைப் பார்த்திருப்பீர்கள். அன்பில்தான் சொல்கிறார்கள். ஆனால் கேட்பவர் இடத்தில் நின்று யோசியுங்கள். அறுபதாயிரம் வருடத் தொடர்ச்சி உள்ள ஒரு மக்களிடம் போய், நீங்கள் எங்கள் கிளை என்று சொல்வதாகத்தான் அது படும். அவர்கள் யார் என்பதை அவர்கள் சொல்லட்டும்.

மூன்றாவதை மிகுந்த தயக்கத்தோடுதான் எழுதுகிறேன். இலங்கையின் 1983 கலவரத்தையும் 2009 போர் முடிவையும் சுமந்து வந்தவர்களுக்கு, பறிகொடுத்தவர்களின் கதையைக் கேட்டதும் சொந்தக் கதை தொண்டைக்கு வந்துவிடும். அந்த வேதனை உண்மையானது. ஆனாலும் ஒரு மூத்தவர் தம் தாயைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும் மாலையில் ‘எங்களுக்கும் இப்படித்தான்’ என்று குறுக்கே போகாதீர்கள். பழக்கம் முற்றிய பிறகு அவர்களே கேட்பார்கள், நீ ஏன் உன் ஊரை விட்டு வந்தாய் என்று. அன்று சொல்லுங்கள். பிறர் துயரத்துக்குக் காது கொடுக்காத மக்கள் அல்ல அவர்கள். 1938 டிசம்பர் 6 அன்று, ஜெர்மனியில் யூதர்கள் தாக்கப்பட்டதைக் கண்டித்து மெல்பேர்ன் ஜெர்மன் தூதரக அலுவலகத்துக்கு ஒரு குழுவோடு மனு கொண்டுபோனவர் வில்லியம் கூப்பர் என்ற யோர்ட்டா யோர்ட்டா முதியவர். தம் சொந்த நாட்டில் தமக்கே முழு உரிமை இல்லாத காலத்தில் போனார். வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டார்.

‘நாங்கள் நேற்று வந்தவர்கள், எங்களுக்கும் இதற்கும் என்ன’ என்பதும் அடிக்கடி கேட்கும் வாதம். நாம் யாரையும் கொல்லவில்லை, சரி. ஆனால் நாம் வீடு வாங்கிய நிலத்தின் பத்திரம் எந்தக் கையெழுத்திலிருந்து தொடங்குகிறது? இந்த நிலம் யாருக்கும் சொந்தமாக இருக்கவில்லை என்ற சட்டப் பொய்யை உயர் நீதிமன்றம் மாபோ வழக்கில் தள்ளுபடி செய்தது 1992 ஜூன் 3 அன்றுதான். நம்மில் சிலர் அதற்கு முன்பே இங்கு வந்துவிட்டோம்.

நம் மேடையில்

வரவேற்பும் வணக்கமும் வேறு வேறு. தம் நிலத்துக்கு வரவேற்க அந்த நிலத்துக்கு உரியவரால் மட்டுமே முடியும். நிலத்தாருக்கு வணக்கம் சொல்வதை யாரும் செய்யலாம், தமிழிலேயே செய்யலாம். மங்கள விளக்கு ஏற்றுவதற்கு முன்பு, வாகனம் எங்கே நிறுத்துவது போன்ற அறிவிப்புகளோடு கலக்காமல், எல்லோரும் அமர்ந்த பிறகு இப்படிச் சொல்லலாம்: ‘நாம் இன்று கூடியிருக்கும் இந்த நிலம் டாருக் மக்களுடையது. அவர்கள் இதை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. அவர்களின் மூத்தோருக்கு, மறைந்தவர்களுக்கும் இன்று நம்மிடையே வாழ்பவர்களுக்கும், எங்கள் வணக்கம்.’ இளைஞர் ஒருவர் ஆங்கிலத்தில் திரும்பச் சொல்லட்டும். மக்களின் பெயரைச் சரியாக உச்சரிக்க முன்கூட்டியே கேட்டுப் பழகுங்கள்.

மூத்தவர் ஒருவரை வரவேற்புக்கு அழைத்தால், அது அவர் செய்யும் பண்பாட்டுப் பணி. கட்டணம் எவ்வளவு என்று முதலிலேயே கேட்டு, அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். பொன்னாடை போர்த்துவது நம் மரியாதை; போர்த்தலாமா என்று கேட்டுவிட்டுப் போர்த்துங்கள். அது கட்டணத்துக்கு ஈடாகாது. நேரம் அதைவிட முக்கியம். ஐந்து மணிக்கு வரச்சொல்லிவிட்டு, ஆறரைவரை பதாகை கட்டிக்கொண்டிருந்து, பரதநாட்டியத்துக்கும் ஆதரவாளர் உரைக்கும் நடுவே அவருக்கு மூன்று நிமிடம் ஒதுக்குவது அவமதிப்பு. அவரை அழைத்துவர ஒரு வாகனம், அருகில் உட்கார்ந்து பேச ஒரு ஆள், சாப்பாட்டில் காரம் எவ்வளவு என்று ஒரு வார்த்தை. இவ்வளவும் முடிந்தால் மட்டும் அழையுங்கள்.

நாட்கள் சிலவற்றை நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். மே 26 பறிக்கப்பட்ட பிள்ளைகளை நினைக்கும் நாள். மறுநாள் தொடங்கி ஜூன் 3 வரை நல்லிணக்க வாரம்: 1967 மே 27 அன்று அபொரிஜினல் மக்கள் தொடர்பான பொதுவாக்கெடுப்பில் 90 சதவீதத்துக்கு மேல் ஆம் என்றது தொடக்கம், மாபோ தீர்ப்பு முடிவு. ஜூலை முதல் ஞாயிறு தொடங்குவது நெய்டாக் வாரம். அது முழுக்க அபொரிஜினல் மக்களும் டோரஸ் நீரிணைத் தீவு மக்களும் நடத்தும் கொண்டாட்டம், விருந்தாளியாகப் போங்கள்.

ஆஸ்திரேலிய தினமான ஜனவரி 26 சிக்கலான நாள். பொங்கலை அதோடு சேர்த்து ஒரே விழாவாக நடத்தும் சங்கங்கள் இருக்கின்றன. இந்தியத் தமிழருக்குக் குடியரசு நாளும் அன்றே. 1938இலேயே அபொரிஜினல் தலைவர்கள் சிட்னியில் கூடி அதைத் துக்க நாளாக அறிவித்தார்கள். என் கருத்து: பொங்கலுக்கு அதன் சொந்த நாள் இருக்கிறது, அதற்கு அடுத்த வார இறுதியும் இருக்கிறது. 26ஆம் தேதியை விட்டுவிடுங்கள். அன்று சிட்னி விக்டோரியா பூங்காவில் நடக்கும் யாபுன் விழாவுக்குக் குடும்பத்தோடு போகலாம்.

தோற்ற பிறகு

2023 அக்டோபர் 14 அன்று, முதல் குடிகள் நாடாளுமன்றத்திடம் கருத்துச் சொல்ல ‘குரல்’ என்ற ஓர் அமைப்பு வேண்டுமா என்ற பொதுவாக்கெடுப்புக் கேள்விக்கு நாட்டில் சுமார் 60 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். எந்த மாநிலமும் ஆம் என்று சொல்லவில்லை. அபொரிஜினல் மக்களிடையேயும் இரு கருத்து இருந்தது. ஆகவே ஒருவரைப் பிடித்து ‘உங்கள் ஆட்கள் என்ன நினைக்கிறார்கள்’ என்று கேட்பதில் பொருளில்லை. ஒரு குழுவில் புதிதாகச் சேர்பவர் அங்கே களைப்பைக் காண்பார், சில முகங்களில் கசப்பையும். அடுத்த மாதக் கூட்டத்துக்கும் அவர் வருகிறாரா என்பதைத்தான் அவர்கள் கவனிப்பார்கள்.

இந்த விஷயத்தில் நம் சங்கங்களின் அமைப்பே நமக்கு எதிராக வேலை செய்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை நிர்வாகக் குழு மாறும். பழைய செயலாளர் கட்டியெழுப்பிய தொடர்பு அவர் தொலைபேசியோடு போய்விடும். புதியவர் மறுபடி முதல் வணக்கத்திலிருந்து தொடங்குவார். ஒரே சங்கத்திலிருந்து வருடத்துக்கு ஒரு புது முகம் வந்து தன்னை அறிமுகம் செய்துகொண்டால் எந்த மூத்தவருக்கும் சலிப்பு வரும். அதனால் இந்தப் பொறுப்பைத் தேர்தலுக்கு வெளியே வையுங்கள். ஆர்வமுள்ள இருவரை, முடிந்தால் ஒருவர் முப்பது வயதுக்குட்பட்டவர், குறைந்தது மூன்று வருடத்துக்கு நியமியுங்கள். அவர்களில் ஒருவர் விலகும்போது, தமக்குப் பின் வருபவரை நேரில் கூட்டிப்போய்ச் சில மாதங்கள் இருவருமாகக் கூட்டத்தில் உட்கார்ந்துவிட்டு விலகட்டும்.